போர்க்கால ராணுவ அழைப்பாணை: கைக்கே வராத கடிதம் எப்படிச் 'சார்பு' (சட்டப்படி சேர்ந்ததாக எடுத்துக்கொள்ளப்படுவது) ஆகிறது? (உக்ரைன் சட்டம்)

கார்கிவ்_டாக்டர் எழுதியது:

வணக்கம். கார்கிவில் மருத்துவம் படித்து, போர் தொடங்குவதற்கு முன்பே ஊர் திரும்பியவன் நான். அங்கே நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரரின் இளைய மகன் எனக்குத் தம்பி மாதிரி. எலக்ட்ரீஷியன். 32 வயது. போர் வந்ததும் மனைவியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு மேற்கே போய்விட்டான். பழைய வீடு ஜன்னல் கண்ணாடியெல்லாம் போய்ப் பூட்டிக் கிடக்கிறது.

போன வாரம் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். அவர்களுடைய ராணுவப் பதிவுச் செயலியான ரெசர்வ் பிளஸில் அவன் பெயரோடு ஒரு சிவப்புப் பட்டை: ராணுவப் பதிவு விதிகளை மீறியவர். விசாரித்ததில், அந்தப் பழைய வீட்டு விலாசத்துக்கு அழைப்பாணை போயிருக்கிறது. ஆள் இல்லை என்று எழுதித் திரும்பியிருக்கிறது. வரச் சொன்ன தேதியும் தாண்டிவிட்டது.

அவன் கேட்பது ஒன்றுதான். "உறையை நான் கண்ணால் பார்க்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை. அப்புறம் எப்படி நான் வராமல் ஏமாற்றியவன் ஆவேன்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போரில் யார் பக்கம் என்ற சண்டை இங்கே வேண்டாம். சட்டம் என்ன சொல்கிறது, அது நியாயமா என்பதை மட்டும் பேசுவோம்.

வார்சாவாசி எழுதியது:

டாக்டர் சார், நான் வார்சாவில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்பவர்களில் நிறையப் பேர் உக்ரைன்காரர்கள். அவர்கள் வீட்டு ஆண்களுக்காக இந்தச் சட்டத்தை உட்கார்ந்து வரிவரியாகப் படிக்க வேண்டி வந்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2022 பிப்ரவரி 24 அன்றே அங்கே போர்க்கால ராணுவ நிலையும், போருக்கு ஆட்களைப் படையில் சேர்க்கும் பொது அணிதிரட்டலும் அறிவிக்கப்பட்டன. நாடாளுமன்றம் அதைத் தவணை தவணையாக நீட்டித்துக்கொண்டே வருகிறது. 18 முதல் 60 வயதுள்ள ஆண்கள், விலக்குப் பெற்றவர்கள் தவிர, நாட்டை விட்டு வெளியேற முடியாது என்பதும் அப்போது வந்ததுதான். 2025 ஆகஸ்டில் 18 முதல் 22 வயதினருக்கு மட்டும் அதைத் தளர்த்தினார்கள். அணிதிரட்டலில் கட்டாயமாக எடுக்கும் வயது முதலில் 27ஆக இருந்தது. 2024 ஏப்ரலில் 25ஆகக் குறைத்தார்கள்.

உங்கள் தம்பியின் சிக்கலுக்கு வேர் 2024 மே மாதத்தில் இருக்கிறது. அதுவரை நடைமுறையில் அழைப்பாணையை நேரில் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லையென்றால் கொடுத்ததை நிரூபிப்பது கஷ்டம். அதனால் பலர் கதவைத் திறக்கவில்லை, பதிவான விலாசத்தில் இருக்கவில்லை. ஆள்சேர்ப்பு மையத்தின் ஆட்கள் மெட்ரோ வாசலிலும் சந்தையிலும் நின்று ஆவணம் கேட்க ஆரம்பித்தார்கள். இந்தக் கண்ணாமூச்சியை நிறுத்த வந்ததுதான் 3633ஆம் எண் சட்டம். ஏப்ரல் 11 அன்று நிறைவேறி, மே 18 முதல் நடைமுறைக்கு வந்தது. அதோடு சேர்ந்து அமைச்சரவையின் 560ஆம் எண் தீர்மானம், மே 16 தேதியிட்டது. அழைப்பாணையில் என்ன இருக்க வேண்டும், யார் கொடுக்கலாம், எப்போது சேர்ந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் இந்தத் தீர்மானத்தில்தான் இருக்கிறது.

புதுச் சட்டப்படி 18 முதல் 60 வயதுவரை ராணுவப் பதிவில் உள்ள எல்லோரும் 60 நாட்களுக்குள், அதாவது 2024 ஜூலை 16க்குள், தங்கள் விலாசம், போன் எண் முதலியவற்றைப் புதுப்பிக்க வேண்டும். மையத்துக்கு நேரில் போகலாம், குடிமக்கள் சேவை மையத்துக்குப் போகலாம், இல்லையென்றால் செயலியிலேயே செய்யலாம். அப்படி நாம் கொடுத்த விலாசத்துக்கு அழைப்பாணை பதிவுத் தபாலில் வரும். உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலோடும் சேர்ந்ததற்கான ஒப்புகை அட்டையோடும் வரும். விலாசம் கொடுக்காதவர்களுக்கு, அவர்கள் குடியிருப்புப் பதிவில் உள்ள விலாசத்துக்குப் போகும்.

இதில் மூன்று நாட்களில் ஏதாவது ஒன்று 'சார்பான நாள்' ஆகிறது. வாங்கிக் கையெழுத்துப் போட்ட நாள் ஒன்று. வாங்க மாட்டேன் என்று சொன்னதைத் தபால்காரர் குறித்த நாள் இன்னொன்று. மூன்றாவது, அந்த விலாசத்தில் ஆள் இல்லை என்று குறித்த நாள். தபால்காரர் பெட்டியில் ஒரு சீட்டுப் போட்டுவிட்டுப் போவார். மூன்று வேலை நாட்களுக்குள் தபால் நிலையத்துக்குப் போய் வாங்காவிட்டால் 'ஆள் இல்லை' என்று குறித்துத் திருப்பிவிடுவார்கள். உங்கள் தம்பி மாட்டியது இந்த மூன்றாவதில்.

அவர் செயலியில் எந்த விலாசத்தை உறுதி செய்தார் என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

நெல்லை_வக்கீல் எழுதியது:

இது நம் ஊரில் புதிது இல்லை. 1897ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், பிரிவு 27: சரியான விலாசம் எழுதி, தபால் செலவு கட்டி, பதிவுத் தபாலில் போட்டால், வழக்கமாகத் தபால் போய்ச் சேரும் காலத்தில் அது சேர்ந்ததாக எடுத்துக்கொள்ளப்படும். காசோலை வழக்குகளில் தினம் பார்க்கிறோம். 'வாங்க மறுத்தார்', 'கதவு பூட்டியிருந்தது', 'ஆள் வீட்டில் இல்லை' என்று தபால்காரர் எழுதித் திரும்பி வந்த உறையைத் தாக்கல் செய்தால் போதும். சி.சி. அலவி ஹாஜி வழக்கில் 2007-இல் நம் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது.

ஆனால் நம் சட்டத்தில் ஒரு கதவு திறந்திருக்கிறது. அது ஓர் அனுமானம் மட்டும்தான். எனக்கு உண்மையிலேயே வரவில்லை, அந்த வீட்டில் நான் இல்லை என்று எதிராளி நிரூபித்தால் அது உடையும். அந்தத் தீர்ப்பிலேயே இன்னொன்றும் இருக்கிறது: நோட்டீஸ் வரவில்லை என்கிறவர், நீதிமன்ற சம்மன் கிடைத்த 15 நாளுக்குள் பணத்தைக் கட்டித் தப்பிக்கலாம். சட்டம் ஒரு கற்பனையை உண்மையாக வைத்துக்கொண்டால், கூடவே அதைச் சரிசெய்ய ஒரு வழியையும் வைக்க வேண்டும். எனக்கு இந்த விவாதத்தில் முக்கியமான கேள்வி இதுதான். உக்ரைனில் அந்த வழி இருக்கிறதா?

வீட்டுக்கடன் தவணைக்கு வந்த நோட்டீஸை நான் பார்க்காமல் போனால் எனக்குப் போவது பணம். இங்கே போவது வேறு.

கேள்விக்குறி எழுதியது:

வார்சா அண்ணா, கடிதம் வந்து போகாமல் இருந்தால் 3 வருஷம் முதல் 5 வருஷம்வரை ஜெயில் என்று யூடியூபில் சொல்கிறார்களே? அப்படியானால் டாக்டர் சாரின் தம்பிக்கு ஜெயிலா?

வார்சாவாசி எழுதியது:

இல்லை தம்பி. இந்தக் குழப்பம் உக்ரைன்காரர்களிடையேயே இருக்கிறது, அதனால் பிரித்துச் சொல்கிறேன்.

அழைப்பாணை என்றால் ஒரே வகை கிடையாது. தகவலைச் சரிபார்க்க வா என்பது ஒன்று. ராணுவ மருத்துவக் குழுவிடம் உடல் பரிசோதனைக்கு வா என்பது இரண்டாவது. பரிசோதனையில் தகுதி என்று ஆன பிறகு, பையை எடுத்துக்கொண்டு இந்த நாள் இந்த மணிக்கு வா, படைப்பிரிவுக்கு அனுப்புகிறோம் என்பது மூன்றாவது. ஆள் பெயர், பிறந்த நாள், எந்த மையம், எதற்காக, எங்கே, எந்தத் தேதி, எத்தனை மணி, கூப்பிட்டவர் கையொப்பம், வராவிட்டால் என்ன ஆகும் என்ற எச்சரிக்கை எல்லாம் தாளில் இருக்க வேண்டும். 'எதற்காக' என்ற அந்த ஒரு வரியை முதலில் படிக்கச் சொல்வேன்.

முதல் இரண்டுக்கும் போகாமல் இருந்தால் அது நிர்வாகக் குற்றம். நிர்வாகக் குற்றச் சட்டத்தொகுப்பின் 210-1 பிரிவு. தனி ஆளுக்கு 17,000 முதல் 25,500 ஹ்ரிவ்னியாவரை அபராதம். 2024 மே 19 முதல்தான் இவ்வளவு உயர்ந்தது. குற்றவியல் சட்டத்தின் 336ஆம் பிரிவு, அந்த 3 முதல் 5 ஆண்டு, அணிதிரட்டலில் படைக்குச் சேர்வதையே தட்டிக்கழிப்பதற்கானது. நடைமுறையில் மருத்துவக் குழு தகுதி என்று சொல்லி, மூன்றாவது வகை அழைப்பாணை கையில் கொடுத்து, அதற்கும் வராதவர்கள்மீதுதான் அது பாய்கிறது.

வக்கீல் ஐயா கேட்ட கதவு உண்டு. குறித்த நாளில் வர முடியாமல் போனதற்குத் தக்க காரணம் இருக்கலாம்: இயற்கை இடர், நோய், போர் நடவடிக்கை, நெருங்கிய உறவினர் மரணம், தன் கையை மீறிய வேறு தடை. குறித்த நேரத்திலிருந்து 3 நாட்களுக்குள் மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும், 7 நாட்களுக்குள் நேரில் வர வேண்டும். சரி, கடிதம் வந்ததே தெரியாதவன் 3 நாட்களுக்குள் எப்படித் தெரிவிப்பான்? இந்த இடத்தில் சட்டம் தன் காலிலேயே தடுக்கி விழுகிறது. அபராதத் தீர்மானத்தை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம், அதுதான் மிச்சமுள்ள வழி. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

இன்னொன்று. தெருவில் பிடிக்கிறார்களே, அதற்குச் சட்டத்தில் இடம் எவ்வளவு? ராணுவப் பதிவு ஆவணத்தை ஆண்கள் கையில் வைத்திருக்க வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும். மையத்தின் ஊழியர் அழைப்பாணை கொடுக்கலாம். வாங்க மறுத்தால் குறைந்தது இரண்டு பேர் கையெழுத்திட்டு ஒரு பதிவு எழுதலாம். ஆனால் ஆளைப் பிடித்து வைக்கும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. நிர்வாகக் குற்றத்துக்காக மையத்துக்குக் கொண்டு செல்வது போலீசின் வேலை. நிர்வாகக் காவல் பொதுவாக 3 மணி நேரம்தான். மினிபஸ்ஸுக்குள் தள்ளும் வீடியோக்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல, எழுதி வைத்த சட்டத்துக்கு நேர் எதிரானவை. இதைத் தயங்காமல் சொல்வேன்.

அப்படித் தவறாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால்? 2025 பிப்ரவரியில் உக்ரைன் உச்ச நீதிமன்றத்தின் நிர்வாக வழக்குப் பிரிவு ஒரு வழக்கில் சொன்ன பதில் என் நண்பர்களை உலுக்கிவிட்டது. அழைத்த முறையில் குறை இருந்தாலும், படையில் சேர்த்தது திரும்பப் பெறக்கூடிய செயல் இல்லை என்றது. ஆக, எதிர்க்க வேண்டியதைச் சேர்வதற்கு முன்பே எதிர்த்தாக வேண்டும். சீருடை போட்ட பிறகு அழைப்பாணையின் குறையைப் பேசிப் பெரிய பயன் இல்லை.

முன்னாள்_ஹவில்தார் எழுதியது:

எல்லோரும் வராதவன் பக்கம் நின்றே பேசுகிறீர்கள். நான் 17 வருஷம் சீருடை போட்டவன். அதனால் வந்தவன் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன்.

2022 பிப்ரவரியில் தானாகப் போய் வரிசையில் நின்றவர்களில் பலர் இன்னும் முன்னணியில்தான் இருக்கிறார்கள். 36 மாதம் முடித்தவர்களை வீட்டுக்கு அனுப்பலாம் என்ற பிரிவு இதே 2024 சட்டத்தின் வரைவில் இருந்தது. கடைசி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். ஏன்? அந்த இடத்தில் நிற்க வேறு ஆள் இல்லை. பதுங்கு குழியில் இருப்பவனுக்கு மாற்று ஆள் வர வேண்டுமென்றால், ஊரில் இருப்பவனுக்குக் கடிதம் போய்ச் சேர வேண்டும். கையெழுத்துப் போட்டால்தான் செல்லும் என்று வைத்தால் யார் போடுவார்கள்? கதவைச் சாத்திக்கொள்பவனுக்குப் பரிசு, திறந்தவனுக்குத் தண்டனை என்று ஆகிவிடும். அவர்கள் அரசியலமைப்பின் 65ஆம் பிரிவு நாட்டைக் காப்பது குடிமக்களின் கடமை என்கிறது. நம்முடையதிலும் 23(2) இருக்கிறது: பொது நோக்கத்துக்காக அரசு கட்டாயச் சேவை கேட்கலாம், மதம், இனம், சாதி, வர்க்கம் பார்த்து வேறுபடுத்தக் கூடாது. நமக்கு இதுவரை அந்தத் தேவை வரவில்லை என்பதால் நாம் சுலபமாகப் பேசுகிறோம்.

தபாலில் போனால் சார்பு என்பது கடுமைதான். ஆனால் அது எல்லோர் வீட்டுக்கும் ஒரே மாதிரி போகும். மெட்ரோ வாசலில் யாரைப் பிடிப்பது என்பது அங்கே நிற்பவன் கண்ணில் படுவதைப் பொறுத்தது. அதைவிட இது மேல்.

நெல்லை_வக்கீல் எழுதியது:

ஹவில்தார் ஐயா, உங்கள் கடைசிப் பத்தியை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். தபால் முறை எல்லோருக்கும் பொது, அதனால் மேல். ஆனால் அது மேலாக இருக்க வேண்டுமென்றால் பட்டியல் சுத்தமாக இருக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் எல்லா மாகாண ஆள்சேர்ப்பு மையங்களின் தலைவர்களையும் ஜெலென்ஸ்கி ஒரேயடியாகப் பதவிநீக்கம் செய்தார். விலக்குச் சான்றுக்குப் பணம் வாங்கிய புகார்கள் அவ்வளவு. காசு கொடுத்தவன் பெயர் பட்டியலிலிருந்து போய்விட்டது என்றால், கடிதம் 'எல்லோர் வீட்டுக்கும் ஒரே மாதிரி' போகவில்லை.

2024 ஏப்ரலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பாதுகாப்புச் சேவையின் (உக்ரைன் உளவுத்துறை) இணையப் பிரிவுத் தலைவருடைய குடும்பச் சொத்தைத் துருவிக்கொண்டிருந்த ஒரு பத்திரிகையாளருக்கு, கடைவளாகத்தில் வைத்து அழைப்பாணை கொடுக்க வந்தார்கள். கூடவே பாதுகாப்புச் சேவை ஆள் ஒருவர் நின்றது கேமராவில் பதிந்துவிட்டது. அந்த இணையப் பிரிவுத் தலைவர் பதவி இழந்தார். அழைப்பாணை பழிவாங்கும் கருவியாகிவிட்டால், ஒழுங்காக வரும் நூறு பேருக்கும் அந்தத் தாளின்மேல் உள்ள மரியாதை போய்விடும்.

வன்னிமண் எழுதியது:

இந்த இழையை வாசிக்க எனக்குக் கை நடுங்குகிறது. 2008இன் முடிவில் நாங்கள் வன்னிக்குள் இருந்தோம். வீட்டுக்கு ஒருவர் என்று தொடங்கியது, பிறகு ஒருவர் என்ற கணக்கும் இல்லாமல் போனது. எங்கள் வீட்டுக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. வந்ததெல்லாம் ஆட்கள்தான். அம்மா தங்கச்சியின் தலைமயிரைக் கத்தரித்துப் பங்கருக்குள் வைத்திருந்தா. ஏன் எடுக்கிறீர்கள், எத்தனை வயது வரைக்கும், யாரிடம் முறையிடலாம் என்று கேட்க ஒரு இடம் இல்லை.

ஆகையால் மூன்று நாள், ஏழு நாள், பிரிவு 210-1 என்று நீங்கள் பேசுவது எனக்குச் சின்ன விசயமாகத் தெரியவில்லை. ஒரு தாளும், அந்தத் தாளுக்கு எதிராகப் போகக்கூடிய ஒரு நீதிமன்றமும் இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எங்களுக்குத் தெரியும். அந்த நாட்டுச் சனம் அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஓய்வு_ஆசிரியர் எழுதியது:

வன்னிமண், உங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நீங்கள் எழுதியதற்கு நன்றி.

நான் வரலாறு நடத்தியவன். கடிதம் சேர்ந்ததாக எடுத்துக்கொள்வதைவிடக் கடுமையான ஒன்று முதல் உலகப்போரில் பிரிட்டனில் நடந்தது. 1916 ஜனவரியில் வந்த ராணுவச் சேவைச் சட்டப்படி, 18 முதல் 41 வயதுக்குள் உள்ள திருமணமாகாத ஆண்களும் குழந்தையில்லாத மனைவியிழந்தவர்களும், அந்த ஆண்டு மார்ச் 2 அன்று தானாகவே படையில் சேர்ந்துவிட்டதாக ஆனது. கடிதம் வந்ததா, போனாரா என்பதெல்லாம் பிறகு. சட்டத்தின் கண்ணில் அன்று காலை முதல் அவர் சிப்பாய். மே மாதத்தில் திருமணமானவர்களையும் சேர்த்தார்கள்.

விளைவு என்ன தெரியுமா? மனசாட்சிக் காரணத்தால் மறுத்தவர்களுக்கு உள்ளூர்த் தீர்ப்பாயம் விலக்குத் தராவிட்டால், அவர்கள் குடிமக்கள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. ஏற்கெனவே சிப்பாய் என்பதால் ராணுவ நீதிமன்றம். அப்படிச் சிலரைப் பிரான்சுக்கே கொண்டுபோனார்கள். போர்முனையில் கட்டளையை மறுத்தால் மரணதண்டனை. 1916 ஜூனில் 35 பேருக்கு அந்தத் தீர்ப்பை வாசித்தார்கள். வாசித்து, சற்று நிறுத்தி, அதன்பின் 10 ஆண்டுக் கடுஞ்சிறையாகக் குறைத்ததைச் சொன்னார்கள்.

இதற்கு நேர்மாறு அமெரிக்க முறை. அங்கே அழைப்புக் கடிதம் வந்தாலும், மையத்துக்குப் போய்ப் பரிசோதனை எல்லாம் முடிந்தாலும், பெயர் கூப்பிட்டதும் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தால்தான் சிப்பாய். 1967 ஏப்ரல் 28 அன்று ஹூஸ்டன் மையத்தில் முகமது அலி வரிசையில் நின்றார். பழைய பெயரான காசியஸ் க்ளே என்று கூப்பிட்டார்கள். நகரவில்லை. 5 ஆண்டு சிறையும் 10,000 டாலர் அபராதமும் கிடைக்கும் என்று எச்சரித்து மறுபடி கூப்பிட்டார்கள். அப்போதும் நகரவில்லை. அந்தத் தண்டனையே கிடைத்தது. 1971-இல் உச்ச நீதிமன்றம் 8-0 என்று அதை ரத்து செய்தது. அவர் விலக்குக் கேட்டதை மேல்முறையீட்டு வாரியம் எந்தக் காரணத்தால் மறுத்தது என்று சொல்லவே இல்லை என்பதுதான் தீர்ப்பின் அடி. வக்கீல் தம்பி பழிவாங்குவதைப் பற்றிச் சொன்னார். 1970 ஜனவரியில் அதே நீதிமன்றம், போரை எதிர்த்துப் பதிவு அட்டையைத் தூக்கிப் போட்டவரைத் தண்டனையாக முன்கூட்டியே படைக்குக் கூப்பிடச் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லியிருக்கிறது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோதே வந்த தீர்ப்பு அது.

கேள்விக்குறி எழுதியது:

அண்ணா, அந்தப் பக்கம் ரஷ்யாவில் எப்படி? நம் ஊர்ப் பையன்களைப் படையில் சேர்த்ததாகச் செய்தி வந்ததே, அதுவும் இந்த அழைப்பாணைதானா? இன்னொரு கேள்வி, மதக் காரணம் சொல்லி உக்ரைனில் மறுக்க முடியுமா?

வார்சாவாசி எழுதியது:

நம் பையன்கள் விஷயம் வேறு. வெளிநாட்டவருக்கு அழைப்பாணை கிடையாது. வேலை என்று கூட்டிப்போய், படிக்கத் தெரியாத மொழியில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அது ஆள் ஏமாற்று.

ரஷ்யாவில் 2022 செப்டம்பர் 21 அன்று புதின் பகுதி அணிதிரட்டல் அறிவித்தார். 3,00,000 பேர் என்றார்கள். அப்போது வீட்டு வாசலில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2023 ஏப்ரல் 14 தேதியிட்ட சட்டம் அதை மின்னணுவாக்கியது. பதிவேட்டில் அழைப்பாணை ஏறி 7 நாள் ஆனால், திறந்து பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சார்பு. ஏறிய நாளிலிருந்தே நாட்டை விட்டு வெளியேறத் தடை. 20 நாளுக்குள் போகாவிட்டால் வண்டி ஓட்ட முடியாது, கடன் வாங்க முடியாது, தொழில் பதிவு செய்ய முடியாது, எல்லாம் தானாக, நீதிமன்றம் இல்லாமலேயே. உக்ரைனில் வண்டி ஓட்டும் உரிமையைப் பறிக்க மையம் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வங்கிக் கணக்கை முடக்கும் யோசனையும் வரைவில் இருந்தது, நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு வந்து எடுத்துவிட்டார்கள். இந்த வித்தியாசத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். நடுவில் ஒரு நீதிபதி இருக்கிறார்.

மதக் காரணம்: அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு, ராணுவக் கடமை ஒருவரின் மத நம்பிக்கைக்கு முரணானால் மாற்றுச் சேவை தர வேண்டும் என்கிறது. ஆனால் அதற்கான 1991ஆம் ஆண்டுச் சட்டம் அமைதிக்காலக் கட்டாயச் சேவைக்கு எழுதியது. அணிதிரட்டலுக்கு அது பொருந்தாது என்று சொல்லி 336இன்கீழ் தண்டித்திருக்கிறார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2011-இல் பயாத்யான் எதிர் ஆர்மீனியா வழக்கில் இந்த உரிமையை ஏற்றது. 2025 மார்ச்சில் வெனிஸ் ஆணையம் (ஐரோப்பிய கவுன்சிலின் சட்ட ஆலோசனைக் குழு) உக்ரைனின் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குக் கொடுத்த கருத்தில், போர்க்காலத்திலும் மனசாட்சி மறுப்பாளரை ஆயுதம் ஏந்தக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. அங்கே இது தீராத சண்டை. என் கருத்தைக் கேட்டால், 35ஆம் பிரிவில் 'போர் இல்லாதபோது' என்ற வார்த்தை இல்லவே இல்லை.

கார்கிவ்_டாக்டர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தம்பியிடம் பேசினேன். 2024 ஜூலையில் செயலியை நிறுவியபோது திரையில் இருந்த பழைய விலாசத்தைப் பார்த்து, சரி என்று அழுத்திவிட்டானாம். "வீடு அங்கேதானே இருக்கிறது" என்று நினைத்திருக்கிறான். அழைப்பாணை எதற்காக என்று செயலி வழியே பார்த்ததில், தகவல் சரிபார்க்க என்றுதான் இருக்கிறதாம். அபராதத் தீர்மானம் இன்னும் வரவில்லை.

இன்னொன்றும் சொன்னான். அவன் அண்ணன் 2022 முதல் படையில் இருந்தவர். 2023 கோடையிலிருந்து காணவில்லை. அம்மா இன்னும் மரபணுப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறார். இதை அவன் ஒரு காரணமாகவே நினைக்கவில்லை. "அண்ணன் பெயரைச் சொல்லி நான் தப்பிப்பதா" என்றான்.

முன்னாள்_ஹவில்தார் எழுதியது:

டாக்டர், அவனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இது தப்பிப்பது இல்லை. ஒரு தாயிடமிருந்து இரண்டு பிள்ளைகளையும் எடுக்கக் கூடாது என்று நாடே எழுதி வைத்த விதி. எந்தப் படையும் இதைக் குறைவாக நினைக்காது.

வார்சாவாசி எழுதியது:

ஹவில்தார் ஐயா சொன்னது சட்டப்படியும் சரி. அணிதிரட்டல் சட்டத்தின் 23ஆம் பிரிவில், உடன்பிறந்த சகோதரர் இந்தப் போரில் இறந்தோ காணாமலோ போயிருந்தால் ஒத்திவைப்பு உண்டு. அப்பா, அம்மா இருவரில் ஒருவர் மட்டும் பொதுவாக இருந்தாலும் உடன்பிறந்தவர்தான். அதற்கு இருவரின் பிறப்புச் சான்றுகளும், காணாமல் போனதை உறுதி செய்யும் ஆவணமும் வேண்டும். ஆனால் இது தானாக வராது, அவரே விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தைப் பார்க்கும் ஆணையம் முடிவு சொல்லும்வரை அவரைப் படைக்கு அனுப்ப முடியாது. விண்ணப்பம் பெற்றதற்கான சான்றைக் கையோடு வைத்திருக்கட்டும்.

இன்றே விலாசத்தை மாற்றச் சொல்லுங்கள். அடுத்த கடிதமும் பழைய வீட்டுக்குப் போகக் கூடாது. சிவப்புப் பட்டை இருக்கும்வரை வழியில் போலீஸ் நிறுத்தலாம். அதனால் தனியாகப் போகாமல் ஒரு வழக்கறிஞரோடு ஆவணங்களை எடுத்துப் போவது நல்லது.

அபராதத் தீர்மானம் வந்தால் நாட்கணக்கு முக்கியம். குற்றத்தை மறுக்காமல் சீக்கிரம் கட்டினால் பாதித் தொகையில் முடித்துக்கொள்ளும் வழி உண்டு. 15 நாளுக்குள் கட்டாமலும் எதிர்க்காமலும் விட்டால் அமலாக்கத் துறைக்குப் போய் இரட்டிப்பாகும். எதிர்ப்பதானால் தீர்மானத் தேதியிலிருந்து 10 நாட்களுக்குள் நீதிமன்றத்தில் மனு. தபாலில் தாமதமாக வந்திருந்தால், கெடுவை நீட்டிக்கக் கேட்கலாம்.

நெல்லை_வக்கீல் எழுதியது:

அதற்குத்தான் ஒரு சின்ன விஷயம் சேர்க்கிறேன், எந்த நாட்டு நீதிமன்றத்துக்கும் பொருந்தும். தீர்மானம் வந்த உறையைக் கிழித்துப் போட வேண்டாம். தபால் முத்திரையில் உள்ள தேதிதான் 'எனக்குத் தாமதமாக வந்தது' என்பதற்குச் சாட்சி. பழைய விலாசத்துக்குப் போன அழைப்பாணையின் தபால் எண்ணை வைத்து, எந்தத் தேதியில் என்ன குறிப்பு எழுதினார்கள் என்று தபால் துறையிடம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். வீடு சேதமானதற்கு உள்ளாட்சியில் பதிவு செய்திருந்தால் அதன் நகலும், மேற்கே இடம்பெயர்ந்தவராகப் பதிவு செய்த சான்றும் சேரட்டும். இடம்பெயர்ந்தவர் என்று அரசே பதிவு செய்து வைத்திருக்கும்போது, அதே அரசு அவரைப் பழைய வீட்டில் தேடியது ஏன் என்ற கேள்வியை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கார்கிவ்_டாக்டர் எழுதியது:

இடம்பெயர்ந்தவர் சான்று இருக்கிறதாம், 2022 மார்ச் தேதியிட்டது. படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நாளைக்கே வழக்கறிஞரைப் பார்க்கிறான்.